தண்ணிக்கு சுட்டி

என் கணவர் எனக்குத் தமிழில் எழுதியது ஒரே ஒரு தாள். அதில் பதினான்கு பிழைகள் இருந்தன. பதினான்கையும் நான் சிவப்பு மையால் திருத்தினேன்.

அதைக் கடிதம் என்று சொல்ல இயலாது. செம்பூரில் எங்கள் வீட்டுச் சன்னலின் கம்பிக்கூண்டிலும் வீட்டுக்குள்ளுமாக அவர் பதினொரு சதைப்பற்றுச் செடிகள் வளர்த்து வந்தார். தாம் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் அவற்றை நான் எவ்வாறு பேண வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்பு அது.

நான் தாராவியில் ஒரு பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். மாலை வேளைகளில் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன். பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். தந்தை அலுவலக எழுத்தர். காலையில் வரும் தமிழ் நாளேட்டில் யார் முதலில் பிழை கண்டுபிடிப்பது என்று போட்டியிடும் வீடு எங்களுடையது. என் கணவர் தாராவிக்காரர். அவருடைய பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் அந்த ஊர்ப் பேச்சு, பள்ளியில் இந்தி, குர்லாவில் அவர் வேலை செய்த லேத்துப் பட்டறையில் எல்லாம் கலந்த ஒரு மொழி. தமிழெழுத்தைக் கடைப் பலகைகளிலும் கோயில் சுவரொட்டிகளிலும் எழுத்துக் கூட்டிப் படித்து, அரைகுறையாகத் தெரிந்துகொண்டவர். திருமணமான முதல் வாரத்திலேயே என்னை ‘டீச்சர்’ என்று அழைக்கத் தொடங்கினார். கேலிக்கு டீச்சர், உள்ளம் கனிந்தால், அவர்கள் ஊரில் பெண்ணை உரிமையோடு விளிக்கும் ‘ஏளா’. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே அவருடைய கேலிக்கும் என் திருத்தங்களுக்கும் வீட்டில் வேறு ஆளில்லை.

பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் செடி வளர்க்கத் தொடங்கினார். முதல் செடியை ஒரு காகிதக் கோப்பையில் ஏந்தி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். தடித்த இலைகள் ரோஜாப்பூப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

“சக்குலன்ட். எப்படி இருக்கு?”

“தமிழ்ல பேர் இருக்கே. சதைப்பற்றுச் செடி.”

“சதையா? கறிக்கடையில நிக்கிற மாதிரி இருக்கு டீச்சர். காலையில எந்திச்சதும் கேக்கக்கூடிய பேரா இது?”

பட்டறைக் கழிவில் கிடந்த அலுமினியக் குழாய்த் துண்டுகளை அவர் பல ஆண்டுகளாகக் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டு நான் சலித்திருந்தேன். இப்போது அவற்றின் ஒரு பக்கத்தைத் தகட்டால் அடைத்து, அடியில் மும்மூன்று துளைகளிட்டுத் தொட்டிகளாக்கினார். துளையின் விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். “வேரு கையக் கிழிச்சுக்கிடும்லா” என்பார். வேருக்குக் கை ஏது என்று நான் கேட்பேன்.

எங்கள் எதிர்க் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து செங்கல் துண்டுகளைப் பொறுக்கி வந்து, பட்டாணி அளவுக்கு உடைத்து, சல்லடையில் சலித்துத் தூளைக் கொட்டிவிடுவார். அந்தத் துண்டுகளோடு பருமணல், கொஞ்சம் தேங்காய் நார்த்தூள், ஒரு கைப்பிடி மண். வாங்கி வந்த செடியின் வேரிலிருந்து பழைய மண்ணைப் பல் துலக்கும் தூரிகையால் உதிர்ப்பார். நட்டு முடித்ததும் நான் செம்பில் தண்ணீர் கொண்டு வருவேன். அவர் தொட்டியைக் கையால் மூடிக்கொள்வார்.

“ஒரு வாரம் கழிச்சுத்தான். அறுந்த வேரு ஆறட்டும்.”

“நட்டதும் ஒரு வாய் தண்ணி கூடவா கிடையாது? பாவம்.”

“பாவம் பாத்தா செத்துரும் டீச்சர்.”

நான் தினமும் குளித்துவிட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். என் தாயும் அவ்வாறே செய்தார். செடி என்றால் நீர் வார்ப்பது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவரோ தண்ணீர் வார்க்கும் முன் ஒவ்வொரு தொட்டியையும் ஒற்றைக் கையில் தூக்கி, கண்ணை லேசாக மூடி எடை பார்ப்பார். லேசாக இருந்தால் ஊற்றுவார். சற்றே கனத்தாலும் கீழே வைத்துவிடுவார். அந்தக் கைக்கு எடை தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரும்பையே நாற்பது ஆண்டுகள் தூக்கிப் பார்த்த கை.

இரண்டாம் ஆண்டு அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. ஒரு மாலை அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எனக்குக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. “பாத்தியா, நானும் சதைப்பற்றுச் செடி ஆயிட்டேன்” என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுவே முதல்முறை. ஒற்று மிகச் சரியாகச் சொன்னார்.

சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகியிருந்தன. வாரம் மும்முறை எந்திரத்தில் குருதியைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றார்கள். டயாலிசிஸ் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். அதைவிடக் கொடியது தண்ணீர்க் கட்டுப்பாடு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். தேநீர், ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். அவர் ஒரு போத்தலில் கோடு கிழித்து, காலையில் நிரப்பி வைத்து, மூடியால் அளந்து குடித்தார். கோடையில் நாக்கு தடித்து, பேச்சு ஒட்டும். அப்போதும் சன்னலருகே அமர்ந்து தொட்டிகளைத் தூக்கிப் பார்ப்பார்.

கடந்த ஆண்டு மழை தொடங்கிய வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. குருதி ஏற்றி இறக்கும் குழாயில் தொற்று. மருத்துவமனையில் சேர வேண்டும். புறப்படும் காலையில் பை கட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு தாளை நீட்டினார். என் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே, ஆணியடித்தாற்போல் நின்றன.

“இந்தியில எழுதியிருக்கலாமே” என்றேன். 

“டீச்சருக்கு இந்தியில எழுதுனா மரியாதையா இருக்குமா?”

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவரை உள்ளே அழைத்துச் சென்றிருந்த நேரத்தில், கைகளுக்கு ஏதேனும் வேலை வேண்டியிருந்தது. பையைத் திறந்தேன், தாளும் சிவப்புப் பேனாவும் கிடைத்தன. ‘மண் கஞ்சா மட்டும் தண்ணி’ என்று எழுதியிருந்தார். ‘காஞ்சா’வில் கால் விடுபட்டிருந்தது. ‘துக்கி பாரு. லேசா இருந்த உத்து.’ கடைசி வரி: ‘மழை மாசம் தண்ணிக்கு சுட்டி.’

சுட்டி என்றால் இந்தியில் விடுமுறை. பம்பாயில் வளர்ந்த தமிழர் பலரும் தமிழென்று எண்ணியே அதைச் சொல்வார்கள். என் வகுப்பில் மட்டும் முப்பத்தோர் ஆண்டுகள் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அதன்மேல் கோடிழுத்து, ‘விடுமுறை’ என்று மேலே எழுதினேன். ‘தண்ணி’யை ‘தண்ணீர்’ ஆக்கினேன். வரியைச் செம்மை செய்துவிட்ட நிறைவோடு தாளை மடித்து வைத்தேன். அந்த வரி என்ன சொன்னது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அவரைக் கட்டிலில் கிடத்தியபின், அவர் முகம் தெளியட்டும் என்று சொன்னேன்: “மண் கஞ்சா மட்டும் தண்ணின்னு எழுதியிருக்கீங்க. யாராவது பாத்தா போலீஸ் வரும்.”

அவர் சிரித்தார். “அதான் அதுக ஒண்ணும் பேசாம மயங்கிக் கெடக்கு.”

மருத்துவமனையில் அரை லிட்டராகக் குறைத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் ஒரு மடக்கு; பிறகு அரை மடக்கு; பிறகு நாக்கை நனைத்தால் போதும் என்றார். நான் பஞ்சை ஈரமாக்கி உதட்டில் ஒற்றினேன். அவர் அந்தப் பஞ்சை உறிஞ்ச முயன்றார். நான் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

“நீ டீச்சரா, ஜெயிலரா?”

“டாக்டர் சொன்னதத்தான் செய்யறேன்.”

“சரி. நீயாவது என் முன்னால தண்ணி குடி. பாத்துக்கிடுதேன்.”

நான் குடிக்கவில்லை. அவர் கட்டிலருகே இருந்த அத்தனை நாளும் அவர் கண்முன் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, துளசிக்கு ஊற்றிய கையோடு செம்பை மீண்டும் நிரப்பிக் கம்பிக்கூண்டுக்குப் போவேன். ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் அடித்துளை வழியே சொட்டும்வரை ஊற்றுவேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். கூண்டின் தகரக் கூரை ஒழுகி, தொட்டிகள் முன்பே நனைந்திருக்கும். அப்போதும் ஊற்றினேன். அவருக்கு மறுத்த ஒவ்வொரு மடக்கையும் அங்கே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது தெரிகிறது. அன்று அதைப் பேணுதல் என்றே எண்ணினேன். ஊற்றும்போது மட்டும் நெஞ்சு சற்று இளகும். அந்த ஐந்து நிமிடங்களுக்காக நான் மழையில் செம்பூர்வரை வந்து போனேன்.

இலைகள் உப்பிப் பளபளத்தன. “எல்லாம் தளதளன்னு இருக்கு” என்று அவரிடம் சொன்னேன்.

அவர் தலையணையில் முகத்தைத் திருப்பினார். “தளதளன்னா இருக்கு? இந்த மழையிலயா?”

“ஆமா.”

“அடி எலையத் தொட்டுப் பாத்தியா?”

“பார்த்தேன்.”

பார்க்கவில்லை. மறுநாள் காலை தொட்டேன். ரோஜாவைப் போன்ற அந்த முதல் செடியின் அடியிலை கண்ணாடிபோல் நிறமிழந்திருந்தது. விரல் பட்டதும் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. தண்டு கறுத்து, அழுகின கத்தரிக்காய்போல் நாறியது. பத்து நாளுக்குள் ஒன்பது செடிகள் போயின. வரியோடிய ஒன்று கூண்டின் உள்மூலையில் மழை படாமல் நின்றது; நான் ஊற்றியதை மட்டும் தாங்கிக்கொண்டது. இன்னொன்று குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்த தடித்த தண்டுச் செடி. நான் குள்ளம், செம்போடு என் கை அங்கே எட்டாது. அவை இரண்டும் பிழைத்தன.

ஒன்பதாவதும் போன அன்றுதான் தாளை எடுத்து மீண்டும் வாசித்தேன். ‘மழை மாதம் தண்ணீருக்கு விடுமுறை.’ என் கையெழுத்தில், பிழையில்லாமல் இருந்தது.

அவர் திரும்பி வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. என் கைபேசியில் இருந்த ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு, சாலையோரச் செடிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கட்டிக் கொடுக்கும்போது “மாஜி, பானி கம் தேனா” என்றார். தண்ணீர் குறைவாக ஊற்றுங்கள் என்று அவரும் சொன்னபோது எனக்கு அங்கேயே அழுகை வந்தது. மழையில் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒன்பது செடிகளையும் கடை மண்ணோடு அப்படியே அவருடைய தொட்டிகளில் அழுத்தி நட்டேன். எது எங்கே இருந்தது என்று படத்தைப் பார்த்து வரிசைப்படுத்தினேன். வேரிலிருந்து மண்ணை உதிர்க்கவில்லை. செங்கல் துண்டும் கலக்கவில்லை. பார்வைக்கு எல்லாம் முன்போலவே இருந்தன.

அவர் வந்த அன்று மழை ஓய்ந்திருந்தது. காலணியைக்கூடக் கழற்றாமல் சன்னலருகே சென்று நாற்காலியில் அமர்ந்தார். உடல் பாதியாகியிருந்தது. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். அவர் முதல் தொட்டியைத் தூக்கினார். கண்ணை மூடினார். கீழே வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார். மூன்றாவதைத் தூக்கவில்லை.

“இதுக எல்லாம் புது அட்மிஷன் போல இருக்கே டீச்சர்.”

முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

“இங்க வாளா. வந்து உக்காரு. அழுவாத. நானும் போன வருசம் நாலக் கொன்னுட்டேன். உனக்குத் தெரியாம அதே மாதிரி வாங்கி வச்சேன். நீ கண்டுபிடிச்சியா? கண்டுபிடிக்கல்லல்லா.”

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

பிறகு தாளைக் கேட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாம், பொய்யின்மேல் இன்னொரு பொய் வைக்கத் துணிவில்லை. சிவப்புத் திருத்தங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“பதினாலு. எத்தன மார்க்?”

பேனாவை எடுத்து வந்து, நான் கோடிழுத்திருந்த ‘சுட்டி’யின் அடியில் நான்கு புள்ளிகள் இட்டேன்.

“இதென்ன புள்ளி?”

“அச்சகத்துல இப்படித்தான் போடுவோம். அடிச்சது தப்பு, இருந்தது அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம்.”

அவர் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “அப்படி ஒண்ணு இருக்கா? இத்தன வருசமா எனக்கு ஒரு தடவகூட நீ போட்டதில்லையே.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் மீதிப் பதின்மூன்று இடங்களிலும் புள்ளி வைத்தேன். கஞ்சாவுக்கும் வைத்தேன். அதற்கு மட்டும் அவர் சிரித்தார்.

அந்த வாரம் முழுவதும் என்னைச் செடிகளைப் பிடுங்க வைத்தார். தாம் நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் தரையில் தாள் விரித்து, வேர்களிலிருந்து கடை மண்ணைத் தூரிகையால் உதிர்த்தேன். செங்கல்லை உடைத்தேன்; என் துண்டுகள் சில கொட்டைப்பாக்கு அளவும் சில தூளுமாக இருந்தன. “கோணல் மாணலா இருக்கு, ஆனா பாஸ்” என்றார். அறுந்த வேர்களோடு ஒன்பதையும் மறுபடி நட்டோம். செம்பு எடுக்க என் கை தானாகப் போனது. அவர் பார்த்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

புரட்டாசி வாக்கில் அவருடைய இதயம் எந்திரத்தைத் தாங்கவில்லை. பாதியிலேயே மயங்கினார். மூன்றாம் முறை அவ்வாறு நேர்ந்தபின் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, இனி எந்திரம் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்றார். கேட்டது எதுவென்றாலுமா என்று கேட்டேன். எதுவென்றாலும் என்றார்.

வீட்டில், சன்னலுக்கு நேரே கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தோம். பகல் பதினொரு மணி இருக்கும். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டு வந்தேன். கோடு போட்ட போத்தலிலிருந்து இல்லை, பானையிலிருந்து. அவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அந்தப் பார்வையில் கண்டேன்.

“சுட்டி முடிஞ்சிட்டா டீச்சர்?”

“முடிஞ்சிட்டு” என்றேன். என் வாயில் அவருடைய ஊர்ப் பேச்சு வந்தது அதுவே முதல்முறை.

தலையைத் தாங்கிப் பிடித்தேன். இரண்டு மடக்குக் குடித்தார். எத்தனை மாதங்களாகக் கேட்ட தண்ணீர்; மூன்றாவது மடக்கு இறங்கவில்லை. உதட்டோரம் வழிந்ததை நான் துடைத்தேன். போதும் என்று கையசைத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். டம்ளரில் முக்காற்பங்கு அப்படியே இருந்தது. அதைக் கையில் பிடித்தபடி எழுந்தேன். எந்தப் பக்கம் திரும்பினேன் என்று எனக்கு நினைவில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

“ஏளா, மிச்சத்த அதுகளுக்கு ஊத்திராத.”

“ஊத்தல.”

“நீ குடி. நான் பாக்கேன்.”

கட்டிலருகே நின்று, அவர் கண்முன் குடித்தேன். கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பிற்பகலில் அவர் உயிர் பிரிந்தது.

இப்போது மீண்டும் மழைக்காலம். தொட்டிகளைக் கூண்டிலிருந்து எடுத்து அறைக்குள் சுவரோரம் வைத்திருக்கிறேன். பிடுங்கி நட்டவற்றில் நான்கு உயிரோடு இருக்கின்றன. பழைய இரண்டும் இருக்கின்றன. தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. காலையில் குளித்துவிட்டுத் துளசிக்கு ஊற்றுகிறேன். பிறகு உள்ளே வந்து, தொட்டிகளை ஒவ்வொன்றாக ஒற்றைக் கையில் தூக்கிக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். லேசா, கனமா என்று என் கைக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாதபோது கீழே வைத்துவிடுகிறேன். செம்பில் மிஞ்சிய தண்ணீரை அங்கேயே, அந்தக் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தபடி நின்று குடித்துவிடுகிறேன்.